இரட்டைப் பிள்ளைகள் பாஸ் பண்ணிய வொலியூம் கொன்ட்ரோல்

ஒரு வொலியூம் கொன்ட்ரோல் நல்லதா கெட்டதா என்று சோதிக்க என்ன கருவி வேண்டும் என்று கேட்டால், தொழில் பழக வந்திருக்கும் நீங்கள் மேசையில் வரிசையாக நிற்கும் மீட்டர்களைக் காட்டுவீர்கள். நான் நித்திரை கொள்ளும் இரண்டு கைக்குழந்தைகள் போதும் என்பேன். சிரிக்காதீர்கள். சரி, சிரியுங்கள். இந்தக் கதையை நானே ஒருநாளும் சிரிக்காமல் சொல்லி முடித்ததில்லை.

எங்கள் வேலைத்தலம் வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவே ஓடும் ஒரு சிறிய ஒழுங்கையில் இருந்தது. முன்பக்கம் பஸ், பின்பக்கம் கரையோர ரயில், மேல்மாடியில் தட்டெழுத்து வகுப்பு. நான் கொட்டாஞ்சேனையில் இருந்து இரண்டு பஸ் ஏறி வருவேன். முதல் ஆறு வருடம் மேசை ரேடியோ திருத்தினேன். முதலாளியின் பெயரை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் மனுசன் மேலுலகத்தில் இருந்தபடியே நெஞ்சை நிமிர்த்திக்கொள்வார், பிறகு அங்கே யாருக்கும் நிம்மதி இருக்காது.

வெளிநாட்டுச் சாமான்கள் தாராளமாக வரத் தொடங்கியதும் ஆட்களுக்குப் பாட்டுக் கேட்கும் பைத்தியம் பிடித்தது. நல்ல இசைத்தட்டு இயந்திரம் வாங்குவார்கள், நல்ல ஸ்பீக்கர் வாங்குவார்கள், இரண்டுக்கும் நடுவே ஒரு நல்ல ப்ரீஅம்ப் வேண்டும் என்று எங்களிடம் வருவார்கள். ப்ரீஅம்ப் என்பது இசைத்தட்டில் இருந்து வரும் மெல்லிய ஒலியைத் தூக்கிக் கொடுக்கும் சின்னப் பெட்டிதான். அதில் மனிதர் கைவைக்கும் இடம் வொலியூம் திருகி ஒன்றே. மற்றதெல்லாம் உள்ளே அடக்கமாக இருக்கும்.

சாதாரண வொலியூம் கொன்ட்ரோலில் கரி பூசிய இரண்டு தடங்கள் இருக்கும், இடது ஸ்பீக்கருக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று. சத்தத்தைக் குறைக்கக் குறைக்க இரண்டும் ஒத்துப்போகாது. நடுவில் நின்று பாடிக்கொண்டிருந்தவர் மெதுவாக நகர்ந்து யன்னல் பக்கம் போய்விடுவார். எனக்கு அதைக் கேட்டால் பற்றிக்கொண்டு வரும். கரித்தடத்தை எறிந்துவிட்டு, படிப்படியாகத் திரும்பும் சுவிச் ஒன்றைப் போட்டு, ஒவ்வொரு படிக்கும் இடதும் வலதும் அச்சொட்டாக ஒத்துப்போகும், மின்சாரத்தை மட்டுப்படுத்தும் ரெசிஸ்டர்களைச் சோடி பார்த்துப் பூட்டலாம் என்று முதலாளியை இரண்டு மாதம் அரித்தேன். கிராண்ட்பாஸில் ஒரு பழைய இரும்புக் கடையில், உடைத்த கப்பலின் வயர்லெஸ் அறையில் இருந்து கழற்றிய சுவிச்சுகள் ஒரு டசின் கிடைத்தன. இருபத்து நான்கு படி. கைக்கு நல்ல கனம். புயலுக்குள்ளே தடித்த கையுறையோடு திருப்புவதற்காகச் செய்தவை. ஒவ்வொரு படிக்கும் விரலில் ஒரு உதை கிடைக்கும். கண்ட உடனே காதல்தான், வேறென்ன.

முதலாளி கடைசியில் இறங்கி வந்தார்.

"பிள்ளை, நீர் சொல்றபடி ஒண்டு செய்வம். முழுக்க உம்மட கணக்கு, உம்மட கை. ஆனா அது திரும்பி வந்துதெண்டா கரித்தடம்தான், நீர் பழையபடி ரேடியோ மேசைக்கு."

அப்படித்தான் என் முதல் பெட்டி உருவானது. வருகிறவர் போகிறவர் எல்லோரையும் முதலாளியே கூப்பிட்டு, "திருப்பிப் பாருங்கோ, விரலுக்கு விளங்குதோ?" என்று கேட்பார். எல்லோரும் திருப்பினார்கள், எல்லோருக்கும் விளங்கியது. பஸ்ஸும் ரயிலும் தட்டெழுத்தும் சேர்ந்து போட்ட சத்தத்தில் காதுக்கு எதுவும் விளங்கவில்லை என்பது மட்டும் யாருக்கும் விளங்கவில்லை.

அந்தப் பெட்டியை வாங்கியவர் துறைமுகத்தில் வேலை செய்த ஒரு எஞ்சினியர், ஹெந்தளையில் வீடு. கலியாணம் முடித்துப் பன்னிரண்டு வருடம் பிள்ளை இல்லை. அந்த வெற்றிடத்தை மனுசன் இசைத்தட்டுகளால் நிரப்பி வைத்திருந்தார். நான் அவருடைய பெட்டிக்கு ரெசிஸ்டர் சோடி பார்த்துக்கொண்டிருந்த மாதங்களில் கடவுள் அவர் பக்கம் திரும்பிப் பார்த்தார். பார்த்தவர் கொஞ்சம் தாராளமாகவே பார்த்துவிட்டார். பெட்டியும் இரட்டைப் பெண் பிள்ளைகளும் ஒரே கிழமையில் வீடு போய்ச் சேர்ந்தன.

மூன்று மாதம் கழித்து டெலிபோன் வந்தது.

"தங்கச்சி, பெட்டி அருமை. ஆனா திருப்ப ஏலாம இருக்கு."

"ஏன் சேர், இறுகிட்டுதோ?"

"இல்ல. கொஞ்சம் திருப்பினாலே பிள்ளையள் எழும்பீடுதுகள். எழும்பினா ரெண்டு மணித்தியாலம் போயிடும். மனிசி முடிவா சொல்லிட்டா. சனிக்கிழமை நாலு மணிக்கு அவவின்ட தம்பி களனியில இருந்து வான் கொண்டு வாறார். பெட்டி அவரோட போயிடும், பிள்ளையள் பள்ளிக்கூடம் போற மட்டும் அங்கதான்."

முதலாளி பக்கத்தில் நின்று முழுவதையும் கேட்டுவிட்டார். நான் மெதுவாக, "கடைக்குத் திரும்பி வரேல்லத்தானே முதலாளி" என்று இழுத்தேன்.

"கடைக்கு வந்தா என்ன, களனிக்குப் போனா என்ன, எனக்கு ரெண்டும் ஒண்டுதான்" என்று சொல்லிவிட்டு, என் கண்ணுக்கு முன்னாலேயே ரேடியோ மேசையில் தூசி தட்டினார்.

அன்று மத்தியானம் ரயில் கடகடத்துப் போனபோதுதான் ஒரு விஷயம் உறைத்தது. எங்கள் கடையில் ஐந்தாம் படிக்குக் கீழே எதையும் நாங்கள் காதால் கேட்டதே இல்லை. கேட்க முடியாது. ஆகவே கீழ்ப்படிகளை நான் கடதாசியில் கணக்குப் பார்த்து, பெரிய பெரிய பாய்ச்சலாக வைத்திருந்தேன். அமைதியான வீட்டில் ஒரு படியில் ஒன்றும் கேட்காது, அடுத்த படியில் பாடகர் தொட்டிலுக்குள்ளேயே ஏறி நிற்பார். காரணம் பிடிபட்டது என்று எனக்கு ஒரே புளுகம், தலைகால் தெரியாத சந்தோஷம். சனிக்கிழமை காலை சோல்டரிங் அயனையும் ஒரு டப்பா ரெசிஸ்டரையும் பையில் போட்டுக்கொண்டு ஹெந்தளைக்குப் பஸ் ஏறினேன்.

எஞ்சினியரின் மனைவி வாயில் விரலை வைத்தபடி கதவைத் திறந்தா. அக்கா என்றுதான் கூப்பிட்டேன், கடைசிவரை அப்படித்தான். அந்த வீட்டில் எல்லோரும் வெறுங்காலோடு நடந்தார்கள். கரண்டியைத் துணி மேல் வைத்தார்கள். ஹோலில் பலகைச் சுவரோடு சேர்த்து அடித்த, உயரம் குறைந்த ஒரு அலுமாரி, அதன் மேல் என் பெட்டி. அந்தப் பலகைச் சுவர் வெறும் தடுப்புத்தான், கூரை வரை எட்டாது. தடுப்புக்கு அந்தப் பக்கம் இரண்டு தொட்டில்கள். தொழில் புத்தி விடுமா, வந்த உடனே பிள்ளைகளுக்கு இடது, வலது என்று மனதுக்குள் பெயர் வைத்துவிட்டேன்.

பின்வாசற் படியில் குந்தியிருந்து கீழ்ப்படிகள் எட்டுக்கும் ரெசிஸ்டர்களை மாற்றினேன். பாய்ச்சல் எல்லாம் சின்னச் சின்ன அடியாக ஆனது. இரண்டு மணிக்குச் சோதனை. எஞ்சினியர் திருகியைப் பிடித்தார், அக்கா அறை வாசலில், நான் நடுவில். முதலாம் படி, ஒன்றுமில்லை. இரண்டாம் படி, கொசு பாடுகிற அளவுக்கு ஏதோ கேட்டது. இடது புரண்டது. மூன்றாம் படியில் இடது வீரிட்டது. இரண்டு நொடி கழித்து வலதும் சேர்ந்துகொண்டது.

இன்னும் சத்தம் கூட என்று நினைத்தேன். பிள்ளைகளை ஆட்டி நித்திரையாக்க அரை மணித்தியாலம், அதற்குள் முன்னால் இன்னொரு சோடி ரெசிஸ்டர் பூட்டி எல்லாவற்றையும் பாதியாகக் குறைத்தேன். திரும்பவும் சோதனை, திரும்பவும் அழுகை. எஞ்சினியர் என்னைப் பார்த்தார், நான் மணிக்கூட்டைப் பார்த்தேன். மூன்றாகப் போகிறது. தலைக்குள் ரெசிஸ்டர் கணக்கைத் தவிர வேறொன்றும் இல்லை. இன்னும் குறைக்கலாம், இன்னும் குறைக்கலாம் என்று ஒரே தண்டவாளத்தில் ஓடிக்கொண்டிருந்தேன். பதற்றத்தில் மனிதர் செய்கிற வேலை அதுதான், பிழையாகச் செய்ததையே இன்னும் கெட்டித்தனமாகச் செய்வது.

அக்கா இடதைத் தோளில் போட்டபடி எனக்குப் பக்கத்தில் நிலத்தில் வந்து இருந்தா.

"தங்கச்சி, ஒண்டு சொல்லட்டோ? கோவிக்கப்படாது."

"சொல்லுங்கோ அக்கா."

"பிள்ளையள் பாட்டுக்கு எழும்பேல்ல."

"பின்ன?"

"இவர் அந்தக் கட்டையைத் திருப்பேக்குள்ள டொக் எண்டு ஒண்டு கேட்கும். பாட்டு அதுக்குப் பிறகுதான் வாறது. பிள்ளையள் டொக்குக்கு எழும்புதுகள்."

நான் கையில் இருந்த ரெசிஸ்டர் டப்பாவைக் கீழே வைத்தேன். பிறகு, "ஏன் அக்கா முதலே சொல்லேல்ல?" என்று கேட்டேன்.

"ஆர் என்னைக் கேட்டது? இவர் பாட்டைக் கவனிக்கிறார், நீங்கள் பெட்டியைக் கவனிக்கிறீங்கள்."

பிள்ளைகள் மறுபடி கண்ணயர்ந்ததும் பிளக்கைக் கழற்றி வைத்தேன். மின்சாரம் இல்லை, பாட்டு இல்லை, ஒன்றுமில்லை. திருகியை ஒரே ஒரு படி திருப்பினேன். அந்த அமைதியில் அது கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டது போலக் கேட்டது. அலுமாரி வாங்கிப் பலகைக்குக் கொடுத்தது, பலகை வாங்கித் தொட்டிலுக்குக் கொடுத்தது. இடது, இரண்டு நொடி, வலது.

நான் சிரிக்கத் தொடங்கினேன். அடக்க அடக்க வந்தது. மாதக்கணக்காக நான் தடவித் தடவி ரசித்த சுவிச்சுக்கு ஒரு சத்தம் இருக்கிறது என்பதை நான் அன்றுதான் முதன்முதலாகக் கேட்கிறேன். வெட்கமும் இருந்தது, ஆனால் சொல்லத்தான் வேண்டும், வெட்கத்தை விடச் சந்தோஷமே பெரிதாக இருந்தது. பிழை எங்கே என்று தெரிந்துவிட்டதே.

மூன்றே கால். பெட்டிக்கு அடியில் நாப்கினை மடித்து வைத்துப் பார்த்தேன். கொஞ்சம் குறைந்தது, ஆனால் தடுப்புக்கு மேலால் சத்தம் இன்னும் போனது. மிஞ்சியிருந்தது ஒரு வழிதான். சுவிச்சுக்குள்ளே இரண்டு பக்கமும் ஒவ்வொரு இரும்புக் குண்டு, அதைத் தள்ளிப்பிடிக்க ஒவ்வொரு ஸ்பிரிங். அந்த இரண்டும்தான் டொக்கைப் போடுகின்றன. அவற்றைக் கழற்ற வேண்டும். என் கை போகவில்லை. அந்த உதைக்காகத்தானே அந்தச் சுவிச்சைத் தெரிந்தெடுத்தேன். முதலாளி ஊருக்கெல்லாம் காட்டிப் பெருமைப்படுவதும் அதைத்தானே.

"அக்கா, இந்த டொக்கைக் கழற்றிவிடட்டோ?"

"அதை ஏன் வச்சனீங்கள்?" என்று அக்கா உண்மையாகவே தெரியாமல் கேட்டா. அப்படி ஒரு கேள்விக்கு ஸ்பேனரை எடுப்பதுதான் மரியாதை.

முதல் ஸ்பிரிங்கையும் குண்டையும் எடுத்தேன். இரண்டாவதை எடுக்கும்போது குண்டு துள்ளிப் பாய்ந்து கதிரைகளுக்குக் கீழே ஓடிவிட்டது. துறைமுகத்தில் முந்நூறு பேரை அதட்டி வேலை வாங்கும் எஞ்சினியர் இடுப்பில் கட்டிய சாரத்தோடு வயிற்றில் படுத்து, மூச்சுக் காட்டாமல் ஊர்ந்து போய் அதைப் பொறுக்கி வந்தார். வந்தவரின் சட்டைப் பையில் இருந்து போல்பொயின்ற் பேனாவை உருவி, அதன் ஸ்பிரிங்கில் பாதியை வெட்டி, பழைய ஸ்பிரிங் இருந்த இடத்தில் போட்டேன். குண்டுக்குப் பிள்ளைகளின் களிம்பில் ஒரு பொட்டுத் தடவினேன். திருப்பிப் பார்த்தேன். படி இருக்கிறது என்று விரல் நுனிக்கு மட்டும் இலேசாகத் தெரிந்தது. பலகையில் காதை வைத்தாலும் ஒன்றும் கேட்கவில்லை.

நாலுக்கு ஐந்து நிமிடம். பாட்டைப் போட்டோம். அக்கா வாசலில் நின்று ஒரு விரலைக் காட்டினால், நித்திரை, கூட்டலாம் என்று அர்த்தம். எஞ்சினியர் திருப்பினார். மூன்றாம் படி, விரல். நான்கு, விரல். ஆறாம் படியில் பாட்டு வந்து ஹோலில் இருந்தது, பாடுகிறவர் அசையாமல் நட்டநடுவில் நின்றார். அதற்காகத்தானே இவ்வளவு பாடுபட்டது. அக்கா தொட்டிலைப் பார்ப்பதை விட்டுவிட்டுப் பாட்டைக் கேட்கத் தொடங்கியிருந்தா. விரல் திரும்பவும் உயர்ந்தது. இது பிள்ளைகளுக்காக அல்ல, தனக்கு இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று கேட்கிறா. மூன்று மாதமாக அந்த மனுசியும்தான் ஒரு பாட்டுக் கேட்கவில்லை. எஞ்சினியர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். துடைத்த கையாலேயே இன்னும் கூட்டினார்.

பத்தாம் படி. இரண்டு பிள்ளைகளும் வீரிட்டு எழும்பினார்கள்.

மூன்று பேரும் கல்லாகிவிட்டோம். என் கண்ணுக்குள் ரேடியோ மேசை வந்து நின்றது. அப்போது வாசல் படலைக்கு வெளியே இருந்து, நாங்கள் முதல் முறை கவனிக்காத ஒரு குரல் இரண்டாம் முறையும் வந்தது.

"மாலூ, மாலூ, மாலோய்."

அக்கா பெட்டியைப் பார்த்தா, என்னைப் பார்த்தா, படலையைப் பார்த்தா.

"இது பெட்டியில்ல. மீன்காரன்."

ஒரு குழந்தை அழுவதைக் கேட்டு நான் அவ்வளவு சந்தோஷப்பட்டது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. மீன்காரனின் சைக்கிளுக்குப் பின்னாலேயே களனியில் இருந்து வானும் வந்தது. தம்பிக்காரன் இறங்கி, சட்டைக் கையை மடித்துக்கொண்டு, "எங்க அக்கா பெட்டி?" என்று கேட்டான்.

"பெட்டி போகேல்ல. இருந்து தேத்தண்ணி குடி" என்றா அக்கா. "சும்மா போகக் கஷ்டமெண்டா அந்த மாலுக்காரனை ஏத்திக்கொண்டு போ."

திங்கட்கிழமை முதலாளியிடம் நடந்ததைச் சொன்னேன். "எங்கட சுவிச்சுக்குச் சத்தமே இல்ல" என்று சத்தியம் பண்ணினார். கடைக் கதவைச் சாத்தி, மேசையில் இருந்த இரண்டாவது பெட்டியின் திருகியில் காதை வைத்துத் திருப்பிப் பார்த்தார். ரயில் போனது. நான் வாதாடவில்லை. அடுத்த சனிக்கிழமை இரண்டாவது பெட்டியையும் அவரையும் ஹெந்தளைக்குக் கூட்டிக்கொண்டு போய், தொட்டிலுக்குப் பக்கத்தில் அவரையே திருப்ப விட்டேன். இடது, இரண்டு நொடி, வலது. மனுசன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. திரும்பி வரும் பஸ்ஸில் வத்தளை வரை காற்றில் ஒரு திருகியைத் திருப்பிக்கொண்டே வந்தார். பிறகு, "ரேடியோ மேசையை ஆருக்கும் குடுத்திடுவம்" என்றார்.

அதற்குப் பிறகு எங்கள் பெட்டி எதுவும் ஹெந்தளைக்குப் போகாமல் விற்பனைக்குப் போனதில்லை. சனிக்கிழமை பின்னேரம் கொண்டுபோய் வைப்போம், பிள்ளைகள் நித்திரை கொள்ள, ஒவ்வொரு படியாகத் திருப்புவோம். வாங்க வந்தவர்களிடம் முதலாளி, "வலதும் பாஸ், இடதும் பாஸ்" என்பார். அவர்கள் ஏதோ பெரிய இயந்திரப் பரிசோதனை என்று நினைத்துத் தலையாட்டுவார்கள். ஆகவே பிள்ளைகளே, மீட்டரைப் பாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பெட்டி எந்த வீட்டில் இருக்கப்போகிறதோ அங்கே போய்க் காதைக் கொடுங்கள். அந்த வீட்டில் பெட்டியை யார் ஆகக்கூடத் திட்டுகிறாரோ, அவரிடம் முதலில் கேளுங்கள்.

இன்னும் ஒன்று இருக்கிறது. அது முடிந்து எட்டு மாதம் இருக்கும், ஒரு காலையில் டெலிபோன் அடித்தது. எடுத்தால் முதலில் பாட்டுத்தான், காது கிழிகிற மாதிரி. அதற்குள்ளே இருந்து அக்காவின் குரல்.

"தங்கச்சி, இடது எழும்பி நிக்கப் பழகிட்டுது."

நான் வைத்த பெயர் அதற்குள் அந்த வீட்டிலும் ஒட்டிவிட்டிருந்தது.

"சந்தோசம் அக்கா."

"அலுமாரியைப் பிடிச்சுக்கொண்டு நிண்டு கட்டையைத் திருப்புது. சத்தமில்லாம வழுக்கிக்கொண்டு கடைசி மட்டும் போகுது. பக்கத்து வீட்டாக்கள் எல்லாம் படலையில நிக்கினம். டொக் எண்டாலும் பரவாயில்ல, நீங்கள் கழற்றின ரெண்டு ஸ்பிரிங்கும் இருக்குதோ?"

இருந்தன. கழற்றிய எதையும் நான் எறிவதில்லை, நீங்களும் எறியாதீர்கள். 'ஹெந்தளை' என்று எழுதிய கடதாசிச் சுருளில் ஸ்பிரிங் இரண்டும் குண்டு ஒன்றும் பத்திரமாக இருந்தன. அன்றைக்கே பஸ் ஏறினேன். பேனா ஸ்பிரிங்கை எடுத்து, பழையதைப் பூட்டி, திருப்பிப் பார்த்தேன். டொக். கப்பலுக்குச் செய்தது, கொஞ்சமும் குறையவில்லை. இடது தத்தித் தத்தி வந்து, இரண்டு கையாலும் திருகியைப் பிடித்து, முகம் சிவக்க முக்கிப் பார்த்தது. அசையவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்து உதட்டைப் பிதுக்கி வீரிட்டது. என்ன ஏதென்று தெரியாமலே, இரண்டு நொடி கழித்து வலதும்.

அக்கா இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்று சிரித்தா.

"இப்ப சரி" என்றா. "இனிக் கழற்றாதேங்கோ."